நமத்துப்போன எண்ணெய்

குழாயின் நடுவே பொருத்திய சிறு கண்ணாடிக்குள் ஒரு புள்ளி இருக்கும். அது பச்சையாக இருந்தால் இயந்திரம் சுகம். மஞ்சளாக மாறினால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். சனிக்கிழமை காலை முனியராஜ் டார்ச் அடித்துப் பார்த்தபோது புள்ளி மஞ்சளாக இருந்தது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை.

"என்னலே, மறுபடியும் மஞ்சக் குளிச்சிருக்கா?" பின்னால் நல்லசிவம் அண்ணாச்சி நின்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"போன தடவ என்ன சொன்ன?"

"இனிமே வராதுன்னு சொன்னேன்."

"அதுக்கு முந்தின தடவ?"

"அதேதான் சொன்னேன்."

"சொன்ன சொல் மாறாதவன்னு உன்னை மெச்சத்தான் வேணும்" என்றார் அண்ணாச்சி. சிரிக்கவில்லை.

விருதுநகரில் அண்ணாச்சியின் குளிர் கிட்டங்கியில், அதாவது குளிர்சாதனக் கிடங்கில், மூவாயிரம் மூட்டை மிளகாய் வத்தல் இருந்தது. வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் பங்குனியில் கொண்டுவந்து அடுக்கியது. விலை ஏறும்வரை அதை நிறம் மங்காமல், பூஞ்சை பிடிக்காமல் காப்பது உள்ளே இருக்கும் குளிர். குளிரைக் காப்பது கம்ப்ரஸர். கம்ப்ரஸரைக் காப்பது எம். புதுப்பட்டி ஊர்க்காரன் முனியராஜ். ஆறு வருடம் வீடு வீடாக ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்த்தவனை நம்பி முதன்முதலில் ஒரு கிட்டங்கியின் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கொடுத்தவர் அண்ணாச்சிதான். அதைப் பார்த்து அதே தெருவில் இன்னும் இரண்டு கிட்டங்கிக்காரர்கள் கொடுத்தார்கள். இது போனால் அந்த இரண்டும் போகும். பிறகு பழையபடி வீட்டு ஃபிரிட்ஜுதான்.

"மதுரை கம்பெனிக்குச் சொல்லிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "திங்கக்கெழம பத்து மணிக்கு வாராக. ஏன் இப்படி ஆகுதுன்னு இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒரு காரணம் சொல்லு. காரணமே சொல்லாம ஊசி போடுற டாக்டர்கிட்ட யாராவது நாலாவது தடவ போவாகளா?"

அவர் போனதும் முனியராஜ் இயந்திரத்தை நிறுத்தினான். ஈரம் புகுந்தால் நடப்பது அவனுக்குத் தெரியும். துளித் தண்ணீர் வால்வின் ஊசித்துளையில் போய்ப் பனிக்கட்டியாகும். குளிரூட்டும் கேஸ் ஓடாது, குளிர் வராது. ஓட்டிக்கொண்டே இருந்தால் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரின் வயிற்றை அரித்துவிடும். ஆனால் ஈரம் எந்த வழியாக வருகிறது? இரண்டு தடவையும் கசிவு தேடினான், இல்லை. ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றினான். குறைந்த எண்ணெயை ஈடுகட்டினான். பத்து நாள் பச்சை, பதினோராம் நாள் மஞ்சள்.

எண்ணெய் என்றதும் டப்பா நினைவுக்கு வந்தது. அதை எப்போதும் பாண்டிச்செல்விதான் எடுத்துத் தருவாள். கம்ப்ரஸர் அறையைக் கூட்டி, மீட்டர் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. அன்று அவள் சாப்பிடப் போயிருந்தாள். அவனே அறையின் பின்மூலைக்குப் போனான்.

போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர். அதன் நடுவில் எண்ணெய் டப்பா. மூடி திருகப்படாமல் வாயின் மேல் சும்மா வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல், காய்ச்சல்காரன் நெற்றியில் போட்ட துணி போல, சொட்டச் சொட்ட ஓர் ஈரச்சாக்கு.

பாண்டிச்செல்வி நாரணாபுரத்தில் பதினெட்டு வருடம் பயராபீஸில் வேலை பார்த்தவள். பட்டாசுக் கம்பெனியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த அறை வெடித்த நாளில் அவளுடைய இடது காது போனது. அதன் பிறகு விருதுநகரில் தங்கை வீட்டோடு வந்து, அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை மாறியதே தவிர கை மாறவில்லை. அறைக்குள் வரும்போது, உடம்பில் மின்பொறி இருந்தால் இறங்கட்டும் என்று, செம்புக் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் வருவாள். வாசலில் தண்ணீர் தெளிப்பாள். பொறி பறக்கும் என்று இரும்பை இரும்போடு உரசவிட மாட்டாள். அதனால்தான் டப்பா மூடியும் திருகப்படவில்லை.

முனியராஜ் ஒரு கரண்டி எண்ணெயை எடுத்துக்கொண்டு வெளியே தகரக் கொட்டகைக்கு வந்தான். செங்கல் மேல் ஒரு செம்புத் தகட்டை வைத்து, கேஸ் டார்ச்சால் சூடாக்கி, நெருப்பை அணைத்துவிட்டு நாலு சொட்டு விட்டான்.

சட். சடசடசட.

ஓலைவெடிச் சரம் போலப் பொரிந்தது. சந்தேகமே இல்லை. அடுத்த நொடி அவன் கை, தகடு, செங்கல் எல்லாவற்றின் மேலும் ஈரச்சாக்கு ஒன்று தொப்பென்று விழுந்தது.

"தள்ளு தம்பி, தள்ளு" என்றாள் பாண்டிச்செல்வி. மூச்சு வாங்கியது. மறுகையில் இன்னொரு சாக்கு தயாராக இருந்தது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை.

"அக்கா, இது வெடி இல்ல. தண்ணி. எண்ணெய்க்குள்ள தண்ணி இருந்தா சூட்டுல இப்படித்தான் பொரியும்."

"எண்ணெய்க்குள்ள தண்ணி எப்படி வரும்?"

அவன் அவள் கையில் இருந்த சாக்கைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"நீதான தம்பி சொன்ன" என்றாள் மெதுவாக. "தீ கீ படாமப் பாத்துக்கோங்கன்னு."

சொன்னான்தான். ஆவணியில் ஒரு கசிவை அடைத்தபோது இருபது லிட்டர் டப்பாவைத் திறந்தான். ஐந்து லிட்டர்தான் செலவானது. திறந்த டப்பாவை வைத்து மறுபடி ஊற்றக் கூடாது என்று அவன் படித்திருக்கிறான். மிச்சத்தைக் கொட்ட மனசு வரவில்லை. அவளிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டாசு ஊர்ப்பக்கத்தில் பிறந்த எவனும் எந்த டப்பாவைக் கொடுத்தாலும் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனான். தீ படாமல் பார்த்துக்கொள். ஈரம் படாமல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒரு நாளைக்கு மூணு தடவ நனைச்சுப் போட்டேனே" என்றாள் அவள். "ஒரு நாள்கூடக் காய விடலயே."

"இந்த எண்ணெய் சமையல் எண்ணெய் மாதிரி கெடயாதுக்கா. உப்பு மாதிரி. மூடியைத் திறந்து வச்சாலே காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். நமத்துப்போச்சு."

நமத்துப்போச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது. பதினெட்டு வருடம் பட்டாசு நமத்துப்போகாமல் காத்தவளுக்கு அதற்கு மேல் பாடம் தேவையில்லை. அப்படியே செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப மூணு தடவையும் என்னாலயா?"

"புள்ளி மொதத் தடவ மாறுறதுக்கு முந்தியும் இதத்தான் ஊத்துனேன். ஒவ்வொரு தடவையும் எடுத்து ஊத்துனவன் நான்தானக்கா. வைத்தியம்னு நெனச்சு நோயவே ஊத்தியிருக்கேன்."

அவனுக்கு ஒரு பக்கம் பெரிய நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. மறுபக்கம் இந்தக் காரணத்தை அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது? அவள் பெயரைச் சொன்னால் நாளைக்கு அவளுக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. சொல்லாவிட்டால் ஒப்பந்தம் போகும். யோசிக்க நேரமில்லை. அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்துவிட்டார். வெளியே மழை பிடித்திருந்தது.

"காரணம் கெடச்சதா?"

"கெடச்சது அண்ணாச்சி. எண்ணெய்ல ஈரம். திறந்த டப்பாவை வச்சு ஊத்திட்டேன். என் தப்புதான்."

"படிச்சவன் செய்யிற தப்பா இது?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப படிச்ச உன்னை எதுக்கு வச்சிருக்கணும், மதுரைக்காரனே பாத்துக்கிடட்டும். நீ சாமான எடுத்துக்கிட்டு..."

"மொதலாளி" என்றாள் பாண்டிச்செல்வி.

எழுந்து நின்றிருந்தாள். அண்ணாச்சி வழக்கம்போல் அவளுடைய வலப்பக்கமாக நகர்ந்து நின்றார். அவளுக்குக் கேட்கும் காது அந்தப் பக்கம்.

"டப்பா மேல ஈரச்சாக்கு போட்டது நான். தொட்டியில தண்ணி விட்டு அதுல எறக்கி வச்சதும் நான். மூடியத் திருகாம விட்டதும் நான். இந்தத் தம்பி என்னைக் காட்டிக்குடுக்காம நிக்கிது. அதுக்கு நான் கடன்பட்டு இருக்க முடியாது."

கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்தது. முனியராஜ் தலையை நிமிர்த்தவில்லை. அவள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவனும் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

அண்ணாச்சி தரையில் கிடந்த சாக்கைக் குனிந்து எடுத்தார். பிழிந்தார். தண்ணீர் ஓடியது.

"சித்திரையில வயர்ல பொறி தெறிச்சு வெறுஞ்சாக்குக் குவியல் புகைஞ்சதே, அன்னைக்கு மெயினை அமத்திட்டு இந்தச் சாக்கைத்தான போட்டீக?"

"இதேதான்."

"அன்னைக்கு இது இல்லன்னா இன்னைக்குப் புள்ளி பச்சையா மஞ்சளான்னு பாக்க இங்கன கிட்டங்கியே இருந்திருக்காது." சாக்கை உதறிக் கொடியில் போட்டார். "ஈரத்தால பொழச்சேன். அதே ஈரத்தால கெட்டுப்போனேன்னு இப்ப ஊர்ல சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

பிறகு முனியராஜ் பக்கம் திரும்பினார். "அந்த அம்மா கணக்கு இத்தோட நேராயிருச்சு, வேலை இருக்கும். உன் கணக்கு முடியல. திங்கக்கெழம பத்து மணிக்கு மதுரைக்காரங்க வரும்போது புள்ளி பச்சையா இருந்தா ஒப்பந்தம் உன்கிட்ட. மஞ்சளா இருந்தா அவுககிட்ட. உள்ள இப்ப ஆறு டிகிரி. பதினஞ்சைத் தாண்டிச்சுன்னா நான் அதுவரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன்."

முனியராஜ் அந்த மழையிலேயே பைக்கை எடுத்து மதுரைக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்தான். இந்தத் தடவை பெரிய டப்பா இல்லை. சீல் உடைக்காத ஐந்து லிட்டர் டப்பாக்கள். இயந்திரத்தின் பழைய எண்ணெயை முழுக்க வடித்தான். டிரையரை மாற்றினான். வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் பம்ப்பை ஓடவிட்டான்.

அவன் மதுரை போய் வருவதற்குள் பாண்டிச்செல்வி அறையையே மாற்றியிருந்தாள். தொட்டி வெளியே, சாக்குகள் வெளியே. தரையைக் காய்ந்த துணியால் மூன்று முறை துடைத்திருந்தாள். நனைந்த சட்டையோடு உள்ளே வரப்போனவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"சட்டைய மாத்திட்டு வா."

"அக்கா, நான் மெக்கானிக்கு."

"நீ யாரா இருந்தா என்ன. சொட்டுதுல்ல." ஒரு காய்ந்த துண்டை எறிந்தாள். "பயராபீஸ்ல தரை நனையலாம், மருந்து நனையக் கூடாது. அலுமினியத் தூள்ல ஈரம் பட்டா அது தன்னால சூடேறும். இத எண்ணெய்னு சொல்லிக் குடுத்ததாலதான் எனக்குத் தெரியாமப் போச்சு. மருந்துன்னு சொல்லியிருந்தீன்னா கண்ணுல ஒத்திக்கிட்டு வச்சிருப்பேன்."

அவன் துண்டால் தலையைத் துவட்டியபடி சிரித்தான். ஒரு மாதமாக அந்த அறையில் அவன் சிரித்ததில்லை.

"புது டப்பாவ எப்பத் திறப்ப?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலையில பம்ப்பு வேலைய முடிச்சிரும். உடனே திறக்க வேண்டியதுதான்."

"மழை பெஞ்சாலுமா?"

"மூணே நிமிஷம்க்கா. குழாயை உள்ள விட்டா இயந்திரமே இழுத்துக்கும்."

"மழை விழுந்தா நாங்க மருந்து டப்பாவத் தொட மாட்டோம். மூணு நிமிஷம்னாலும் சரி, மூணு நாள்னாலும் சரி."

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மழை விடவில்லை. உள்ளே ஒன்பது டிகிரி. பம்ப்பின் முள் கடைசிக் கோட்டில் அசையாமல் நின்றது. இனி எண்ணெயும் கேஸும் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. முனியராஜுக்குக் கை அரித்தது. பாண்டிச்செல்வி டப்பாவைத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு வெம்பக்கோட்டை ராக்கப்பன் வந்தார். கிட்டங்கியில் அவர் வத்தல் எழுபது மூட்டை இருந்தது. மகள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு மூட்டை எடுக்க வேண்டுமாம்.

"கதவு திறக்காதுண்ணே" என்றாள் பாண்டிச்செல்வி.

"என் வத்தல், நான் எடுக்கேன். அஞ்சே நிமிஷம்."

"குளிர்ந்து கெடக்க வத்தல் மேல இந்த மழைக்காத்து பட்டா வேர்த்துப்போகும். உங்க ஒரு மூட்டைக்கு மூவாயிரம் மூட்டை வேர்க்கணுமா? நாளைக்கு வாங்க."

"விசேஷமும் நாளைக்குத்தான தாயி."

"அப்ப சாயங்காலம்வரைக்கும் இருங்க."

ராக்கப்பன் முனகிக்கொண்டே வாசலில் உட்கார்ந்தார். மடியிலிருந்து சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை போட்டவர் முகத்தைச் சுளித்தார். "ஒரு மணி நேரம்தான் பிரிஞ்சு கெடந்துச்சு. சவசவன்னு போச்சு."

"பாத்தியா தம்பி" என்றாள் பாண்டிச்செல்வி. "ஒரு மணி நேரம்."

முனியராஜ் அதற்குப் பிறகு டப்பாவைக் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பத்து டிகிரி. ஒரு மணிக்குப் பதினொன்று. அண்ணாச்சி இரண்டு தடவை போனில் கேட்டார். இரண்டு தடவையும் அவன் டிகிரியை மட்டும் சொன்னான்.

இரண்டு மணிக்கு வானம் வெளுத்து வெயில் அடித்தது. முனியராஜ் எழுந்தான். அவள் உட்கார் என்று கை காட்டினாள். மேற்கிலிருந்து உலர்ந்த காற்று வீசத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு, வாசல் கம்பியிலிருந்து ஒரு துண்டுப் பழுப்புக் காகிதத்தை எடுத்தாள். சரவெடிக்குச் சுற்றும் காகிதம். வெயில் வந்ததிலிருந்து அதை அங்கே தொங்கவிட்டிருந்தாள். வலது காதருகே கொண்டுபோய்க் கசக்கினாள். காலையில் அதே காகிதம் துணி போலச் சத்தமில்லாமல் கசங்கியது. இப்போது மொறுமொறுவென்று பேசியது.

"இப்பத் திற" என்றாள். "உள்ள நீயும் நானும் மட்டும். அண்ணே, நீங்க வெளிய இருங்க."

முனியராஜ் சீலை உடைத்தான். குழாயை விட்டான். இயந்திரம் தாகத்தில் கிடந்தது போல எண்ணெயை இழுத்தது. பாண்டிச்செல்வி வாய்க்குள்ளேயே எண்ணினாள். ஒவ்வொரு டப்பாவுக்கும் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி டப்பாவில் அரை லிட்டர் மிஞ்சியது.

அவன் அதை அப்படியே கொண்டுபோய்க் கழிவு எண்ணெய் பீப்பாயில் கவிழ்த்தான். இந்தத் தடவை மனசு வந்தது.

நாலரை மணிக்குக் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. ஆறு மணிக்கு உள்ளே எட்டு டிகிரி. ராக்கப்பன் தன் மூட்டையை வாங்கிக்கொண்டு, மிச்சச் சேவைப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் சரி. புள்ளி மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

"நெறம் மாற நேரம் ஆகும்க்கா" என்றான். அது உண்மைதான். ஆனாலும் அவன் குரலில் உறுதி இல்லை.

திங்கட்கிழமை எம். புதுப்பட்டியிலிருந்து விருதுநகர் வரும்வரை அவனுக்கு முன்னால் பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். ஒவ்வொரு லாரியாகத் தாண்டும்போதும் பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள் என்று மனசு எண்ணியது. ஏழேகாலுக்குக் கிட்டங்கி வாசலில் வண்டியை நிறுத்தினான். பாண்டிச்செல்வி அதற்கு முன்பே வந்து கம்ப்ரஸர் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் கண்ணாடியை மூடிப் பிடித்திருந்தாள்.

"என்னக்கா?"

"நீயே பாரு. நான் சொன்னா நம்ப மாட்ட."

முந்தானையை விலக்கினாள். அவன் டார்ச் அடித்தான்.

பச்சை. சந்தேகத்துக்கு இடமில்லாத பச்சை. மழைக்குப் பிறகு வெம்பக்கோட்டைப் பக்கத்து வயலில் முளைக்கிற கம்பம்பயிரின் பச்சை.

அவன் டார்ச்சை அணைக்க மறந்து நின்றான். அவளுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. நன்றி என்ற சொல்லைச் சிவகாசியில் கொடுத்துத் தன் பில் புத்தகத்தின் ஒவ்வொரு தாளின் அடியிலும் அழகாக அச்சடித்து வைத்திருந்தான். வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

"அக்கா, சாப்பிட்டீகளா?" என்றான்.

"அதுக்குள்ளயா. டீ வாங்கிக் குடு."

பத்து மணிக்கு மதுரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் எண்ணெய் எடுத்துச் சோதித்தார்.

"தண்ணீர் மாதிரித் தெளிவா இருக்கே. யார் சார் செஞ்சது?"

"எங்க ஆளுக" என்றார் அண்ணாச்சி. 'ஆளு' என்று சொல்லவில்லை, 'ஆளுக' என்றார். "வந்தது வந்தீக, டீ சாப்பிட்டுப் போங்க."

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி முனியராஜின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கணக்குப்பிள்ளையைத் திட்டப் போய்விட்டார். அவ்வளவுதான். அவனுக்கு அது போதும்.

அன்று அவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை. ஆனாலும் போகவில்லை. பையிலிருந்து ஒரு நீள ஆணியை எடுத்தான். கம்ப்ரஸர் அறைக்கு வெளியே, மெயின் சுவிட்சுக்கு நாலடி தள்ளி, வெறுஞ்சாக்குகள் அடுக்கும் இடத்துக்கு மேலே சுவரில் குறி போட்டான். கொடியில் கிடந்த பழைய சாக்கை எடுத்து வந்தான்.

"என்ன தம்பி செய்ற?"

"இது ஈரச்சாக்குக்கு இடம்க்கா. தெனம் மூணு தடவ நனைச்சு இங்கன தொங்கவிடுங்க. காய விட்றாதீக. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் காய்ஞ்சு இருக்கணும், இந்தப் பக்கம் ஈரமா இருக்கணும். ரெண்டையும் உங்களை விட்டா பாக்க ஆளு இல்ல."

அவள் அவனையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் இரும்புச் சுத்தியலை ஓங்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு."

உள்ளே போய்த் தன் துணிப்பையிலிருந்து ஒரு மரச்சுத்தியலை எடுத்து வந்தாள். பயராபீஸ் காலத்தது. அடிப்பக்கம் தேய்ந்திருந்தது.

"அக்கா, இது வெறும் சுவரு."

"இருக்கட்டும். இரும்ப இரும்பால அடிக்கிறத என்னால பாக்க முடியாது."

ஆணி உள்ளே போக மரச்சுத்தியலுக்கு வெகுநேரம் ஆனது. முனியராஜ் அவசரப்படவில்லை. ஒவ்வோர் அடிக்கும் இடையில் பாண்டிச்செல்வி ஆணி நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னாள். அவன் அவளுடைய வலப்பக்கமாக நின்று அடித்தான்.